வாய் நாத்தமும் வயல் சேறும்

சென்னையிலிருந்து கடப்பாக்கம் வர்ற சொந்தக்காரங்களுக்கு ஒரு ஆசை, காலையில வேப்பங்குச்சியில பல்லு விளக்கணும். ஒடிச்சுக் கொடுப்பேன். ரெண்டு நிமிஷம் கடிச்சுட்டு, போட்டோ எடுத்துட்டுத் தூக்கிப் போட்டுடுவாங்க. முக்கியமான வேலையே அதுக்கப்புறம்தான் இருக்கு. குச்சியை நீளவாக்குல ரெண்டாப் பிளந்து, வில்லு மாதிரி வளைச்சு நாக்கை வழிக்கணும். எங்க வீட்டுப் பெரியவங்க அதைச் செய்யாம வாய் கொப்புளிக்க மாட்டாங்க.

வாய் நாத்தம் பெரும்பாலும் கிளம்புற இடம் நாக்கோட பின்பக்கம்தான். வயல்ல தண்ணி தேங்கி நின்னா, சேத்துல கால் வைக்கும்போது அழுகின முட்டை வாடை வரும். ஆலம்பரைக் கோட்டை பக்கத்து உப்பங்கழிச் சேத்தைக் கிளறினாலும் அதே வாடைதான். காத்துப் படாத இடத்துல கிருமிகள் விடுற ஹைட்ரஜன் சல்பைடு வாயு அது. நாக்குல படியுற மாவுலயும், பல்லு இடுக்குலயும், ஈறுக்கு அடியிலயும் உண்டாகிறதும் அதே வாயுதான். தூங்கும்போது எச்சில் ஊறுறது குறையும், அதான் விடிஞ்சதும் எல்லாருக்கும் கொஞ்சம் அடிக்கும். வெயில்ல தண்ணி குடிக்காம களை வெட்டினாலும் அப்படித்தான்.

பூண்டு கதை வேற. அந்த வாடை ரத்தத்துல கலந்து நுரையீரல் வழியா வருது. எத்தனை தடவை பல்லு விளக்கினாலும் போகாது, தானா அடங்கணும்.

எங்க பெரியப்பாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. மடியில உட்கார வந்த பேத்தி மூக்கைப் பொத்திக்கிட்டு இறங்கி ஓடிடுச்சு. அன்னையிலிருந்து யார்கிட்ட பேசினாலும் துண்டை வாயில வெச்சுக்குவார். கல்யாணத்துக்குப் போனாலும் பந்தலுக்கு வெளியிலதான் உட்காருவார். வயித்துக் கோளாறுன்னு நம்பி ரெண்டு வருஷமாக் கஷாயம் குடிச்சார். வீட்ல ஒருத்தரும் சொல்லல. நான்தான் மோட்டார் கொட்டாயில வெச்சு, "பெரியப்பா, இது வயிறு இல்ல, பல்லு டாக்டர்கிட்ட போலாம்"னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "உனக்கும் அடிக்குதாப்பா?"ன்னு கேட்டார்.

ஈறு முழுக்கச் சீழ். பல்லுல காரை. டாக்டர் ரத்தமும் எடுக்கச் சொன்னார், சர்க்கரை ஏறிக் கிடந்துச்சு. சர்க்கரை கட்டுப்படலேன்னா ஈறு கெடும், ஈறு கெட்டாச் சர்க்கரை கட்டுப்படுறது கஷ்டமாம். சுத்தம் பண்ணி, ஆடின ரெண்டு பல்லைப் பிடுங்கினாங்க. இப்போ துண்டு தோள்லதான் கிடக்கு. புகையிலையைத்தான் இன்னும் முழுசா விடல மனுஷன்.

சாம்பல், செங்கல் பொடியெல்லாம் கிராமத்து மருந்துன்னு தேடாதீங்க, பல்லைத் தேய்ச்சுடும். புகையிலை போடுறவங்க வாயில ரெண்டு வாரமா ஆறாத புண்ணு இருந்தா உடனே காட்டுங்க. சர்க்கரைக்காரங்க மூச்சுல பழ வாடை அடிச்சு, வாந்தியும் எடுத்தா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க.

மத்தவங்க நாக்கு வழிப்பான் வாங்கினாப் போதும். பின்னாலிருந்து முன்னால மெதுவா இழுங்க, ரத்தம் வர்ற மாதிரி சுரண்ட வேணாம்.