அஞ்சடி நடை

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புள்ள நண்பா,

வந்து மூன்று நாளாகிறது. மலை ரயிலுக்கும் போகவில்லை, கடற்கரைக்கும் போகவில்லை. ஒரே தெருவில் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருக்கிறேன். மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை என்பது இன்றைய பெயர். பழையவர்களுக்கு இன்னும் இது பிட் தெருதான். 1786ல் கிழக்கிந்தியக் கம்பெனி சார்பில் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கி வகுத்த முதல் தெருக்களில் ஒன்று. அன்றைய பிரிட்டிஷ் பிரதமரின் பெயரை வைத்தார்கள். இதைச் சந்திக்கும் தெருவின் பெயர் சூலியா தெரு. சூலியாக்கள் என்றால் வேறு யாருமில்லை, உங்கள் நாகூர்ப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்கள்தான். அந்தத் தெருவிலேயே ஷாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாக நாகூர் தர்கா ஒன்றும் இருக்கிறது. உள்ளே போய் நின்றபோது உன்னை நினைத்துக்கொண்டேன்.

பிட் தெருவின் வடக்கு முனையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818ல் கட்டி முடித்தார்கள். திட்டம் போட்டவர் ராணுவப் பொறியாளர் ராபர்ட் ஸ்மித். கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அந்த வெள்ளைத் தூண்களைத் தொட்டபோது எனக்கு அவர்கள் நினைவுதான் வந்தது. முதலில் மேலே தட்டையான தளம்தான் இருந்தது. இந்த ஊர் மழைக்கு அது சரிப்படாததால் 1864ல் சரிவான கூரையாக மாற்றினார்கள்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் 1800ல் எழுந்த, சீனர்களின் குவான் இன் கோயில். கருங்கல் முற்றம் முழுக்க ஊதுவத்திப் புகை. அடுத்து மாரியம்மன் கோயிலின் பின்புறம் வரும். 1833ல் அமைந்த அந்தக் கோயிலின் கோபுர வாசல் அடுத்த தெருவில், குயின் தெருவில் இருக்கிறது. பிறகு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சூலியாக்களின் தலைவர் காதிர் மொய்தீன் முன்னின்று எழுப்பியது. 1801ல் கம்பெனி அரசு அதற்கு 18 ஏக்கர் நிலம் கொடுத்தது. இன்று நாம் பார்க்கும் முகலாய பாணிக் குவிமாடங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் ஹென்றி நியூப்ரானர் கைவண்ணத்தில் வந்தவை. நான்கு சமயமும் ஒரே தெருவில் பக்கம் பக்கமாக நின்று ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகிறது.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டவை கோயில்கள் அல்ல, அவற்றுக்கு நடுவே வரிசையாக நிற்கும் கடைவீடுகள். கீழே கடை, மேலே குடும்பம். முகப்பு குறுகல், உள்ளே நீளம். நடுவில் நம் வீடுகளைப் போலவே வானம் பார்த்த முற்றம். வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகத்தான். முன்னால் கூரை போட்ட நடை, அகலம் ஐந்தடி. இங்குள்ள தமிழர்கள் அதை அஞ்சடி என்பார்கள். 1822ல் சிங்கப்பூருக்குப் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டம் இந்த நடையைக் கட்டாயமாக்கியது. பிறகு இங்கும் அது வழக்கமாயிற்று. நேற்று அடைமழை. குடையில்லாமல் வீட்டுக்கு வீடு தாண்டி நடந்தேன், தலை நனையவில்லை.

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு சுவரைக் கவனித்தேன். பாதி பழைய சுண்ணாம்புப் பூச்சு, பாதி பிற்காலத்தில் ஒட்டுப் போட்ட சிமென்ட். சுண்ணாம்புப் பக்கம் சாயம் வெளுத்திருந்ததே தவிர, கை வைத்தால் கெட்டியாக இருந்தது. சிமென்ட் பக்கம் உப்பிப்போயிருந்தது. விரலால் தட்டினால் பொத்தென்று சத்தம். ஓரத்தில் உப்புப் பூத்து உள்ளே செங்கல் மாவாக உதிர்ந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். சிமென்ட் அடைத்து வைக்கும், ஈரம் செங்கல்லைத் தின்னும். அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கடைவீடுகள் இடிபடாமல் தப்பியதற்கு ஒரு காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வாடகையை ஏற்ற முடியாது, குடியிருப்பவரைக் கிளப்ப முடியாது. ஆகவே இடித்துக் கட்டவும் யாரும் முனையவில்லை. 2000 தொடக்கத்தில் அந்தச் சட்டம் போயிற்று. வாடகை ஏறியது, தலைமுறைகளாகத் தொழில் செய்துவந்த பலர் வெளியேறினார்கள். 2008ல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுவருக்குப் பாதுகாப்பு வந்தது நல்லதுதான். ஆனால் அந்த வீடுகளுக்குள் வாழ்ந்தவர்களும் பாரம்பரியம்தானே? மாலையில் அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார ஆளில்லாத வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வெறிச்சென்றுதான் தெரிகிறது.

அதனால்தான் இன்றே இதை எழுதுகிறேன். உங்கள் நாகூர் வீட்டுக்குச் சிமென்ட் பூசப்போவதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். கொத்தனாரைக் கொஞ்சம் நிறுத்தி வை. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த பெரியவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், நான் வந்ததும் சேர்ந்து தேடுவோம். முன்கட்டில் தையல் மிஷின் போட்டிருப்பவரையும் காலி செய்யச் சொல்லாதே. அவர் இருக்கும்வரைதான் அந்தத் திண்ணையில் ஆள் நடமாட்டம் இருக்கும்.

அன்புடன்,
உன் நண்பன்