மருந்துக்கு என்ன அத்தாட்சி?

கெமாஸ் வட்டாரத் தோட்டங்களிலே ஒருவனுக்குச் சித்தங் கலங்கினால், லயத்தார் முதலில் நாடுவது பூசாரியையே. இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொல்லும் தம் மகனைக் குறித்துத் தொழிலாளி ஒருவர் நம்மிடம் யோசனை கேட்க வந்தார். "இது பேயுமன்று, பிசாசுமன்று, நோய். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்" என்று நாம் சற்று இறுமாப்புடனேயே கூறினோம். அவர் பணிவாகக் கேட்டார்: "கோயிலில் தங்கிக் குணமானவர்களைக் கண்ணாற் கண்டிருக்கிறோம், கிராணி ஐயா. மருந்து குணப்படுத்தும் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

நமக்கு விடை தெரியவில்லை. ஆங்கிலப் பள்ளியிற் படித்த நமது கொள்கையும் கேள்வியின்றி ஏற்ற நம்பிக்கையே என உணர்ந்து வெட்கினோம். பிறகே தேடிப் படித்தோம்.

முதலிற் கண்டது நமக்குச் சாதகமானதன்று. 1933இல் வியன்னாவில் ஸாக்கல் என்னும் மருத்துவர், இன்சுலினால் நோயாளரை மயக்கத்தில் ஆழ்த்தும் சிகிச்சையை அறிவித்தார். அதனால் உயிரிழந்தோரும் உண்டு. எனினும் பல நாட்டு டாக்டர்கள் அதனை நம்பினர். 1957இல் இங்கிலாந்தில் அக்னர் முதலியோர், ஒரு பிரிவினரை இன்சுலினாலும் மற்றொரு பிரிவினரை வெறும் தூக்க மருந்தாலும் மயக்கி ஒப்பிட்டனர். பலனில் வேற்றுமை காணப்படவில்லை. அச்சிகிச்சை நாளடைவில் ஒழிந்தது. பூசாரியைப் போலவே டாக்டரும் ஏமாறுவதுண்டு. ஆயினும் அவ்வேமாற்றத்தைக் கண்டுபிடித்தவர்களும் டாக்டர்களே.

கோயிலையும் ஆராய்ந்திருக்கின்றனர். தமிழ்நாட்டிலுள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேருக்கு நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்தன என்று 2002இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. ஆகவே அத்தொழிலாளியின் கண்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கோயிலுக்குப் போகாதவரோடு ஒப்பிடாமையால், குணம் தந்தது கோயிலா, ஓய்வா, காலமா என்று துணிவதற்கில்லை. மற்றொரு தலமாகிய ஏர்வாடியிலோ, 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியிற் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர்.

இனி மருந்து. ஸ்கிஸோஃப்ரீனியா என்னும் மனநோய்க்குரிய மருந்துகள் பற்றிய 65 சோதனைகளை, 6,493 நோயாளரின் கணக்கை, 2012இல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர் ஒருங்கே ஆய்ந்தனர். மருந்தினால் தேறி அதனையே தொடர்ந்தவரில், ஓராண்டுக்குள் நூற்றுக்கு 27 பேருக்கு நோய் திரும்பிற்று; வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவரிலோ 64 பேருக்கு. உடல் பருத்தல், கைகால் நடுங்கல் முதலிய தீங்குகளும் மருந்தினால் உண்டு.

யாதொன்றையும் ஒளியாமல் அவரிடம் கூறினோம். நெடுநேரம் யோசித்து, "நூற்றுக்கு நூறு என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நாளைக்கே அழைத்துப் போகிறேன்" என்றார்.

பூசாரியைக் கேள்வி கேட்கப் பழகிய நாம் டாக்டரையும் கேட்கப் பழகுவோமாக. கேள்விக்குக் கணக்கோடு விடை தருவோரிடமே நம் பிள்ளைகளை ஒப்புவிப்போமாக.