விண்ணில் ஒரு கைமாற்று

சூறாவளி என்று சொன்னால் மட்டக்களப்பு மக்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் ஆண்டு 1978. அவ்வாண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய காற்று, கிழக்கிலங்கையின் தென்னந்தோப்புகளையும் கூரைகளையும் பல நூறு உயிர்களையும் ஒருங்கே கொண்டுபோயிற்று. அதைப் பற்றி நினைவுக் கட்டுரைகள் வந்துகொண்டேயிருக்கின்றன. பத்திரிகைக்காக நானும் இரண்டு மூன்று எழுதியிருக்கிறேன். ஆனால் அதே நாட்களில் நம் தலைக்கு மேலே நடந்த இன்னொரு காரியத்தைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.

சூறாவளி கரைகடந்து ஒரு வாரம் கழித்து, டிசெம்பர் 1ஆம் திகதி, உலகளாவிய வானிலைப் பரிசோதனை ஒன்று ஆரம்பமாயிற்று. ஓராண்டுக்கு உலகின் வளிமண்டலம் முழுவதையும் விடாமல் அவதானிப்பதே நோக்கம். அதற்காகப் பூமத்திய கோட்டுக்கு மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில், ஐந்து செய்மதிகள் வளையமாக நிற்கவேண்டும் என்று திட்டமிட்டிருந்தார்கள். இரண்டு அமெரிக்காவுடையவை, ஒன்று ஐரோப்பாவுடையது, ஒன்று ஜப்பானுடையது. இந்து சமுத்திரத்துக்குரிய ஐந்தாவது செய்மதி சோவியத் ஒன்றியத்தின் பொறுப்பு. அது ஆயத்தமாகவில்லை. எனவே 1975இல் ஏவிய தனது பழைய கோஸ்-1 செய்மதியை அமெரிக்கா இந்து சமுத்திரத்தின் மேலே நகர்த்திக் கொடுத்தது. அதை ஸ்பெயினிலிருந்து இயக்கியது ஐரோப்பிய விண்வெளி நிறுவனம். பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது என்பதை இளைய வாசகர்கள் மனதிற் கொள்ளவேண்டும். பரிசோதனை முடிந்ததும் இரவல் செய்மதி திருப்பி எடுக்கப்பட்டது. சோவியத் வாக்களித்த வகைச் செய்மதி 1994 ஒக்டோபர் 31இல் விண்ணேறியபோது, வாக்களித்த நாடே இல்லாமற் போயிருந்தது!

இத்தகைய கைமாற்றுகளுக்கு வழிசெய்யும் ஒருங்கிணைப்புக் குழு 1972 செப்டெம்பரில் வாஷிங்டனில் கூடியது. கையொப்பமிட்ட பெரிய உடன்படிக்கை எதனாலும் அது உருவாகவில்லை. செய்மதி வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும் இடம், அவ்வளவுதான். ஆயினும் அது வேலை செய்தது. 1989இல் ஒரு செய்மதி பழுதாகி, அமெரிக்காவிடம் ஒன்றே எஞ்சியபோது, ஐரோப்பா தன் மெற்றியோசற்-3ஐ மேற்கே நகர்த்தி உதவிற்று. 1999இல் ஜப்பானின் புதிய வானிலைச் செய்மதி ரொக்கெட்டோடு அழிந்தது. 2003இல் அமெரிக்காவின் கோஸ்-9 பசிபிக்கைக் கடந்துபோய் ஜப்பானுக்காகக் காவல் நின்றது.

நமது கடலுக்கும் மறுபடி ஒரு கைமாற்று கிடைத்தது. 1983இல் ஏவிய இன்சற்-1பீ முதலாக இந்தியாவிடம் செய்மதிப் படங்கள் இருந்தன. ஆனால் அவை நெடுங்காலம் வெளியாருக்குத் தாராளமாகக் கிடைக்கவில்லை. 1998இல் ஓர் ஆராய்ச்சிக்கென்று ஐரோப்பாவின் மெற்றியோசற்-5 இந்து சமுத்திரத்துக்கு மேலே வந்தது. ஆராய்ச்சி முடிந்தும் அது போகவில்லை. 2007 வரை நின்றது. அதன் பின் 7, அதன் பின் 8, 2022இலிருந்து 9. ஐரோப்பாவுக்குப் பணி முடித்த முதியவைகளே இங்கு மாற்றலாகி வருகின்றன. முதியவர்களைக் கொண்டும் வேலை வாங்கலாம் என்பதை என் போன்றவர்கள் சற்று மகிழ்ச்சியோடுதான் வாசிப்போம்.

இந்தச் செய்மதிகளுக்கும் ஒரு வானிலை உண்டு. அது சூரியனிலிருந்து வருகிறது. 1989 மார்ச் 13இல் சூரியப் புயலொன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தை ஒன்பது மணிநேரம் இருளில் ஆழ்த்தியது. 2022 பெப்ரவரியில், புயலால் மேல்வளிமண்டலம் தடித்து, புதிதாக ஏவிய ஏறக்குறைய 40 ஸ்ரார்லிங் செய்மதிகள் விழுந்து எரிந்தன. 2024 மே மாதப் புயலின்போது லடாக்கிலும் வானம் சிவந்தது. இவற்றை முன்னறிவிக்கும் கருவிகள் சூரியனை நோக்கி 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நிற்கின்றன. இந்தியாவின் ஆதித்யா-எல்1 2024 ஜனவரியில் அங்கு போய்ச் சேர்ந்தது. புயல் அந்த இடத்தைத் தொட்ட பிறகு நமக்குக் கிடைப்பது ஒரு மணிநேரமோ அதற்கும் குறைவோதான். பூமியின் காந்த மத்திய கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிச் செல்கிறது. 1963இல் கேரளத்துத் தும்பாவை ரொக்கெட் தளமாகத் தெரிந்ததற்கும் அதுவே காரணம். அக்கோட்டை அண்டிய பகுதிகளில், சூரியன் மறைந்த பின், அயனமண்டலம் குழம்பி ஜீ.பீ.எஸ். சைகைகளைத் தடுமாறச் செய்வதுண்டு. ஆழ்கடலுக்குப் போகும் நம் மீனவர்கள் நம்பியிருப்பது அதையேதான்.

கைமாற்றுக்கு ஒரு குணம் உண்டு: கொடுப்பவர் மனம் மாறலாம். 2025 ஜூனில், தன் இராணுவ வானிலைச் செய்மதிகளின் நுண்ணலைத் தரவுகளைச் சில நாட்களில் நிறுத்தப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. இரவிலும் மேகத்தினூடே சூறாவளியின் உள்ளமைப்பைக் காட்டுபவை அவை. எதிர்ப்புக் கிளம்பியதும் முடிவு பின்போடப்பட்டது. நம்மிடம் சொந்தமாக ஒரு வானிலைச் செய்மதியும் இல்லை. எனவே இத்தகைய செய்திகளை நாம் வெளிநாட்டுப் பக்கத்தில் மூன்று வரியாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது.

அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டித்வா வந்தது. 1978இல் இருந்ததைவிடப் பன்மடங்கு கண்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஐரோப்பியச் செய்மதி பார்த்தது, இந்தியச் செய்மதி பார்த்தது, சீனச் செய்மதியும் பார்த்தது. இருந்தும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைச்சரிவுகளில் மண் இறங்கிக்கொண்டிருந்தபோது, எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்திற் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. செய்மதியிலிருந்து கொழும்பு வரை 36,000 கிலோமீற்றரைச் செய்தி சில நிமிடங்களிற் கடந்துவிடுகிறது. கொழும்பிலிருந்து ஒரு தோட்டத்து லயத்துக்கு அது போய்ச்சேர எவ்வளவு நேரமாகிறது என்பதை யாராவது கணக்கெடுத்து வெளியிட்டால், அதை முதற்பக்கத்திற் போடவேண்டும்.