மஞ்சள் காசு

என் தோழியின் குடும்பத்தினர் மயிலிட்டிக்காரர். 1990 ஜூனில் ஊரை விட்டு வெளியேறியவர்கள். 2017 ஜூலையில் துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கர் காணியும் விடுவிக்கப்பட்ட பிறகுதான் தங்கள் வளவைக் கண்டார்கள். வீடு நின்ற இடத்தில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது.

போன வருடம் அந்த அத்திவாரத்தைக் கிண்டியபோது துருப்பிடித்த தகரப்பேணி ஒன்று அகப்பட்டது. உள்ளே பன்னிரண்டு காசுகள். ஓரம் பூவிதழ் போல வளைந்து வளைந்து இருந்தது. புளி போட்டுத் தேய்க்க, பவுன் நிறத்தில் மின்னின. ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னர், மறுபக்கம் மூன்று மொழியிலும் பத்துச் சதம், 1944.

பழைய சாமான் வாங்க வந்த ஒருவர், "யுத்த காலத்தில தங்கம் கலந்து அடிச்ச காசு, வெளிநாட்டில லட்சக்கணக்கில போகும்" என்றாராம். விற்றுத் தர முற்பணமாகப் பதினைந்தாயிரம் கேட்டாராம். வள்ளத்து எஞ்சின் கடனே தீராத வீடு அது. அன்ரி தன் தோட்டை அடகு வைக்க ஆயத்தமாகிவிட்டார்.

தோழியின் தம்பி காந்தத்தை வைத்துப் பார்த்தான். ஒட்டவில்லை. "தங்கம்தான்!" என்று துள்ளினான். காந்தம் பித்தளையிலும் ஒட்டாதே! இன்று நம் கையில் புழங்கும் மஞ்சள் ஐந்து ரூபாய் ஒட்டும். அதன் உள்ளே இருப்பது உருக்கு.

பாடசாலை ஆய்வுகூடத்தில் ரீச்சரிடம் அனுமதி கேட்டு நிறுத்தோம். பன்னிரண்டும் சேர்ந்து 50 கிராம். அளவுச்சாடியில் போட்டதும் தண்ணீர் 6 மில்லிலீற்றர் உயர்ந்தது. சுத்தத் தங்கமென்றால் மூன்று மில்லிலீற்றர்கூட உயர்ந்திருக்காது. அதன் அடர்த்தி 19.3. எங்களுக்கு வந்தது எட்டுச் சொச்சம். பித்தளைக்கு அதுதான் கணக்கு. முன்பு வெள்ளியில் அடித்த பத்துச் சதத்தை இரண்டாம் உலக யுத்த காலத்தில் நிக்கல் பித்தளைக்கு மாற்றினார்கள். தங்கக் கதை அங்கேயே முடிந்தது. ஏராளமாக அடித்த காசு என்பதால் சேகரிப்போரும் பெரிய விலை கொடுப்பதில்லை. தேய்த்த காசென்றால் இன்னும் குறைவு.

இதை வீட்டில் சொன்னபோது உம்மம்மா சிரித்தார். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவரும் போனவர். "எங்கட கையில இருந்தது அசல் பவுன் பிள்ளை. அதுவே எங்களோட வரேல்ல."

மயிலிட்டிக்குப் போய் அன்ரியிடம் கணக்கைக் காட்டினேன். அழுவார் என்று பயந்திருந்தேன். அவரோ காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நல்ல காலம், தோடு தப்பிச்சுது!" பிறகு காசுகளைப் பார்த்து, "மாமி சந்தையில மீன் வித்துச் சேர்த்ததா இருக்கும்" என்றார். சாமான்காரருக்கு அன்றே போன் எடுத்து வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

ஒரு காசைத் தேய்க்காமல் விட்டிருந்தார்கள். அது கறுத்தே இருந்தது. அதை எடுத்து மாதா சுருவத்தடியில் வைத்துவிட்டு எங்களுக்குத் தேத்தண்ணி போடப் போனார்.