நீலம் பாரித்த கழுத்து

சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீசி எறிந்துவிடாமல், அதைத் துலக்கிச் சீராக்கி, புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் இட்டு மறுபடியும் தோட்டாவாக்கிக் கொள்ளும் வழக்கம் மேல்நாடுகளில், விசேஷமாக அமெரிக்காவில், நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஆயிரம் கஜத்துக்கு அப்பால் நிறுத்திய இலக்கைச் சுடும் பந்தயக்காரர்கள் சிக்கனத்தை உத்தேசித்து மட்டும் இதைச் செய்வதில்லை. ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் மயிரிழை பேதமும் இருக்கலாகாது என்ற பிடிவாதமே அவர்களை இந்த வேலையில் இறக்குகிறது. குண்டின் வேகம் சற்றுக் குறைந்தாலும் அவ்வளவு தூரத்தில் அது வட்டத்துக்குக் கீழே போய்விடுமாதலால், நல்ல பித்தளையும் நல்ல குண்டும் தேடி அவர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமன்று.

ஒஹையோ மாநிலத்தில் என் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது எனக்குப் பழக்கமான முதியவர் ஒருவர் இந்தப் பிடிவாதக்காரர்களுள் ஒருவர். பின்லாந்து தேசத்து லாப்புவா கம்பெனியின் புதுக் கூடுகள் அடங்கிய பெட்டியை அவர் திறந்து காட்டினார். உடம்பெல்லாம் பளிச்சென்று மஞ்சளாக இருந்த அக்கூடுகளின் தோளிலும் கழுத்திலும் மட்டும் நீலமும் பழுப்பும் ஊதாவும் கலந்த ஒரு கறை படர்ந்திருந்தது. பழைய சரக்கோ என்று நான் ஐயுற்றேன். அந்தக் கறையைப் பார்த்துத்தான் தாம் கூடுதல் விலை கொடுப்பதாக அவர் சொன்னார். தீயில் காட்டியதால் வந்தது என்பதற்கு மேல் அதன் காரணத்தை விளக்க அவருக்குத் தெரியவில்லை. கறையின் மூலத்தைத் தேடும் ஆசை என்னைப் பற்றிக்கொண்டது அப்படித்தான்.

அந்தத் தேட்டத்தில் முதலில் குண்டின் வமிசாவளி சிரமமின்றி அகப்பட்டது. ஈயக் குண்டுக்குச் செம்புச் சட்டை மாட்டியவர், 1882-இல், ஸ்விட்சர்லாந்தின் தூன் நகரத்தில் பணியாற்றிய எடுவார்ட் ரூபின். குண்டின் மூக்கு நசுங்கினால் அவ்வளவு கெடுதி இல்லை, அடிப்பாகம் கோணினால்தான் குறி பிசகும் என்பதை வருஷக்கணக்காகச் சுட்டுப் பார்த்து 1909-இல் நூலாக வெளியிட்டவர் பிராங்க்ளின் மான் என்னும் அமெரிக்க வைத்தியர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது குண்டுகளுக்குத் தட்டுப்பாடு வரவே, கலிபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊரில் பிரெட் ஹண்டிங்டன், சுட்டெறிந்த சின்னஞ்சிறு .22 தோட்டாக் கூடுகளையே குண்டின் சட்டையாக அழுத்தி எடுக்கும் அச்சுகளைச் செய்தார். குப்பையில் கிடந்ததைக் குண்டாக்கிய அந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நிற்க.

பித்தளையின் கதை அவ்வளவு நேராகச் செல்லவில்லை. தோட்டாவுக்கு உகந்த பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அந்த விகிதத்தில்தான் அது இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். துத்தநாகம் 40-ஐ நெருங்கினாலோ, சூடில்லாமல் அதை இப்படி வளைத்து இழுப்பது நடவாத காரியம். தகட்டிலிருந்து வெட்டிய வட்ட வில்லையைக் கிண்ணமாக்கி, அந்தக் கிண்ணத்தை அச்சில் பலமுறை இழுத்து நீண்ட குழலாக்குகிறார்கள். இழுக்க இழுக்கப் பித்தளை விறைத்துக்கொள்ளும். கும்பகோணத்துக் கன்னார் குடத்தைத் தட்டும்போது இடையிடையே உலையில் காய்ச்சி இளக்கிக்கொள்வதுபோல, இங்கும் ஒவ்வோர் இழுப்புக்கும் நடுவே காய்ச்சுவார்கள். கடைசியில் தோளையும் கழுத்தையும் ஒடுக்கும்போது அவ்விடத்தில் மறுபடியும் விறைப்பு ஏறுகிறது. அடிப்பாகமோ விறைப்பாகவே இருந்தாகவேண்டும். சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தை அதுதான் தாங்குகிறது. ஆதலால், கழுத்தை மட்டும் சுவாலையில் காட்டி எடுக்கிறார்கள். கறை அந்தத் தீயின் தடம்.

விறைத்த கழுத்தை அப்படியே விட்டால்தான் என்ன கேடு வந்துவிடும் என்ற கேள்வி, 1921-ஆம் வருஷத்து ஆங்கில உலோகவியல் சஞ்சிகை ஒன்றின் வழியாக, நம் தேசத்துக் குதிரை லாயங்களில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் இருந்த பட்டாளங்கள், மழை பிடித்துக்கொண்டால் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு, தோட்டாக்களை லாயங்களில் அடுக்கி வைத்துவிடுவது வழக்கம். மழை ஓய்ந்து பெட்டியைத் திறந்தால், ஒருமுறையும் சுடப்படாத தோட்டாக்களில், கூடு குண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் இடத்திலேயே வெடிப்பு கண்டிருக்கும். மழையின்மீது பழியைப் போடுவது எளிது. ஆனால் ஊல்விச் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்ற மூவரும் தீர விசாரித்து வெளியிட்ட முடிவு வேறு: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஈரக் காற்றோடு கூடிப் பித்தளையின் படிக மணிகளுக்கு இடையே புகுந்து அரிக்கிறது, கூட்டைச் செய்தபோதே உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசை அந்த அரிப்பைப் பிளவாக விரிக்கிறது. இரண்டும் கூடினாலன்றிக் கழுத்து பிளப்பதில்லை. குதிரையை மூத்திரம் பெய்யாமல் இருக்கச் செய்ய முடியாது. எனவே மிதமான சூட்டில் காய்ச்சி உள்விறைப்பைத் தணிப்பதே பரிகாரமாயிற்று.

தோட்டாவின் கழுத்தைக் காய்ச்சும் முறையே இந்திய லாயத்தில் பிறந்தது என்று எழுதிவிட எனக்கு ஆசைதான். ஆனால் பித்தளையை இழுக்கும் தொழிலோடு காய்ச்சுவதும் கூடவே பிறந்தது. கடைசிக் காய்ச்சலை எவ்வளவு அவசரமானாலும் விடலாகாது என்பதற்கு ஐயமற்ற காரணம் கிடைத்தது மாத்திரம் லாயத்தில். அமெரிக்க ராணுவம் தன் தோட்டாக்களின் கறையைத் துடைப்பதில்லை. காய்ச்சப்பட்டது என்பதற்குக் கண்கண்ட சாட்சியாக அது இருக்கட்டும் என்பது கருத்து. தனியார் கம்பெனிகள் பலவும், நான் ஐயுற்றதைப்போலவே வாங்குவோரும் ஐயுறுவார்கள் என்று அஞ்சிப் போலும், அதைத் தேய்த்துப் போக்கிவிட்டுத்தான் கடைக்கு அனுப்புகின்றன.

ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரிவதும், அச்சில் இட்டு ஒடுக்குவதும் நிகழ்வதால் விறைப்பு திரும்பத் திரும்ப ஏறும். அதற்காக முதியவர், தகரத் தட்டில் தண்ணீர் விட்டு, அடிப்பாகம் முழுகும்படி கூடுகளை வரிசையாக நிறுத்தி, கையிலுள்ள காஸ் விளக்கின் சுவாலையைக் கழுத்தில் காட்டுவார். நிறம் மாறத் தொடங்கியதும் ஒரு குச்சியால் தட்டிச் சாய்க்க, அது சொய்யென்ற ஓசையுடன் தண்ணீரில் விழும். வெற்றுக் கூட்டைக் காட்டிலும் குண்டு செருகிய தோட்டாவுக்கே வெடிக்கும் அபாயம் அதிகம் என்று நான் படித்ததைச் சொன்னேன். குண்டைப் பிடித்திருக்கும் வரையில் கழுத்து ஓயாமல் இழுபட்டுக்கொண்டே இருக்கிறதல்லவா? அம்மோனியா கலந்த மெருகெண்ணெயால் கூடுகளைத் துலக்கக் கூடாதென்று கைநூல்கள் எச்சரிப்பதற்கும் அதுவே காரணம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தம் அலமாரியில் இருந்த மெருகு டப்பியின் பொடி எழுத்துகளை முழுவதும் வாசித்துவிட்டு, வாசற்கதவின் கைப்பிடியைத் துலக்க உதவும் என்று அதை மனைவியாரிடம் கொடுத்துவிட்டார்.