பச்சை லைட் எரிஞ்சுது

உங்க வீட்ல பணப்பெட்டி இருக்கா? பீரோவுக்குள்ள இருக்கிற லாக்கரைச் சொல்லல. முன்னாடி நம்பர் பட்டன் வெச்ச சின்ன இரும்புப் பெட்டி, சுவத்துலயோ பீரோ அடித்தட்டுலயோ போல்ட் போட்டு வெச்சிருப்பாங்களே, அது. இருந்தா, மேல படிக்கிறதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு போன் போட்டு ரெண்டு கேள்வி கேளுங்க. பேட்டரி கடைசியா எப்ப மாத்தினீங்க? பெட்டியோட வந்த சாவி எங்க இருக்கு?

முதல் கேள்விக்கு "அதுல பேட்டரி இருக்கா?"ன்னு பதில் வர வாய்ப்பு அதிகம். ரெண்டாவதுக்கு "பத்திரமா உள்ளதான் இருக்கு"ன்னு சொல்வாங்க. உள்ளன்னா எங்கன்னு கேளுங்க. பெட்டிக்குள்ள.

சாதா பூட்டுல இந்தத் தொல்லை கிடையாது. நம்ம திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அந்த மாங்காய்ப் பூட்டைத் தலைமுறை தலைமுறையா கதவுல தொங்கவிட்டு வெச்சிருக்காங்க. அது திறக்கலைன்னா சாவி தேஞ்சுபோச்சு, பூட்டு துருப்பிடிச்சுதுன்னு சொல்வோம், ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுவோம். நம்பர் பூட்டு அப்படி இல்ல. அது திறக்கலைன்னா யாரும் பூட்டைத் திட்டறதில்ல. "நம்பர் தப்பா போடற"ன்னு ஆளைத்தான் திட்டறாங்க. அந்த ஆளுக்கு வயசு எழுபதுக்கு மேலன்னா கேக்கவே வேண்டாம்.

எங்க ஆயாவுக்கு 74.

ஆயா இருக்கிறது உத்திரமேரூர்ல. ஊர் பேரைச் சொன்னதும் "குடவோலையா?"ன்னு கேப்பீங்க. ஆமா, அதேதான், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல இருக்கு. நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம், பராந்தக சோழன் காலத்துல ரெண்டு தடவை விதிமுறை வெட்டியிருக்காங்க. 919ல வெட்டினதுல வாரியத்துக்கு வர வயசு 30லேர்ந்து 60. 921ல அதைத் திருத்தி 35லேர்ந்து 70ன்னு ஆக்கிட்டாங்க. ரெண்டே வருஷத்துல மேல் வரம்பு பத்து வயசு ஏறியிருக்கு. சபையில யாரோ ஒரு பெரியவர் பெருசா சண்டை போட்டிருக்கணும்னு நானா நினைச்சுக்குவேன். எப்படிப் பாத்தாலும் ஆயா கணக்குல வர மாட்டாங்க. போன மாசம் எங்க வீட்டுச் சபையிலயும் கிட்டத்தட்ட அதே தீர்ப்புதான்.

விஷயம் இதுதான். ஞாயித்துக்கிழமை வந்தவாசியில சித்தப்பா பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். போடவேண்டிய சங்கிலி ஆயாவோட பெட்டியில இருக்கு. நிலத்துப் பத்திரம், பாஸ்புக் எல்லாமே அதுலதான். சித்தப்பா வாங்கிக் குடுத்த பெட்டி, ரெண்டு வருஷம் ஆகுது. நம்பர் ஆயாவுக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில ஆயா நம்பர் போட்டாங்க, திறக்கல. மறுபடி போட்டாங்க, திறக்கல. சித்தப்பாவுக்கு போன் போச்சு. அவர் வர்றதுக்குள்ள பக்கத்து வீட்டு அக்கா, மாமா, அவரோட பையன்னு ஆளாளுக்கு ஒரு நம்பரைப் போட்டுப் பாத்து, மூணு தப்பு ஆனதும் பெட்டி கீ கீன்னு கத்தி லாக் ஆயிடுச்சு.

நான் சனிக்கிழமை காலேஜ்லேர்ந்து போய்ச் சேர்றப்ப தீர்ப்பு எழுதியாச்சு. ஆயாவுக்கு ஞாபகம் தப்புது. செங்கல்பட்டுலேர்ந்து ஆளைக் கூட்டிட்டு வந்து ட்ரில் போட்டுத் திறக்கலாம். நிச்சயதார்த்தம் முடிஞ்சதும் நகை, பத்திரம் எல்லாத்தையும் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம். யாரும் கோவமா பேசல. ரொம்ப அன்பாத்தான் பேசினாங்க, எனக்கு அதுதான் கஷ்டமா இருந்துது.

ஆயா திண்ணையில உக்காந்திருந்தாங்க. "நான் மறக்கலடா கண்ணு. சரியாத்தான் அமுக்கறன். பச்சை லைட் கூட எரிஞ்சுது"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "இல்ல, மறந்துதான் போச்சோ என்னமோ"ன்னாங்க.

இந்தப் பச்சை லைட்லதான் மொத்த விஷயமும் இருக்கு. இந்த மாதிரி பெட்டியில தப்பு நம்பர் போட்டா சிவப்பு லைட்டு, தொடர்ந்து பீப். சரியான நம்பர் போட்டா பச்சை லைட்டு, உள்ள "டக்"னு ஒரு சத்தம், அப்புறம் சில நொடி கைப்பிடியைத் திருப்ப விடும். பச்சை எரியுதுன்னா நம்பரைப் பெட்டி ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம். நான் ஆயாவை மறுபடி போடச் சொன்னேன். பச்சை எரிஞ்சுது, உடனே மங்கிடுச்சு. "டக்" வரல. பக்கத்துல காதை வெச்சாதான் கேக்குற மாதிரி ஒரு முனகல்.

ஈஈஈ பசங்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்குச் சொல்றேன். அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு வேலை நடக்குது. ஒண்ணு, பட்டனைப் படிச்சு நம்பர் சரியான்னு பாக்குறது. அதுக்குச் சில மில்லி ஆம்பியர் போதும், சாகப்போற பேட்டரி கூட குடுத்துடும். ரெண்டாவது, சோலினாய்டுன்னு ஒரு கம்பிச் சுருள், காந்தமா மாறி ஒரு சின்ன இரும்பு முளையை இழுக்கணும். அந்த முளை நகந்தாதான் கைப்பிடி திரும்பும். அதுக்கு ஒரு நொடிக்கு நூத்துக்கணக்கான மில்லி ஆம்பியர் வேணும்.

பேட்டரி பழசாக ஆக அதோட வோல்ட்டேஜ் கொஞ்சம்தான் இறங்கும், ஆனா உள்ளுக்குள்ள இருக்கிற ரெசிஸ்டன்ஸ் நல்லா ஏறிடும். ஒரு கணக்கு போட்டுக் காட்றேன், நம்பர் எல்லாம் சும்மா உதாரணத்துக்கு. சுருள் 10 ஓம்னு வெச்சுக்கோங்க. புது அல்கலைன் நாலு, ஒவ்வொண்ணும் 1.55 வோல்ட், உள்ள 0.2 ஓம். மொத்தம் 6.2 வோல்ட், 10.8 ஓம், கரண்ட் 0.57 ஆம்பியர். பழசு நாலு, ஒவ்வொண்ணும் 1.3 வோல்ட், உள்ள 1.5 ஓம். 5.2 வோல்ட், 16 ஓம், கரண்ட் 0.33 ஆம்பியர் கூட வரல. சோலினாய்டோட இழுப்பு கரண்டோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். அப்ப இழுப்பு மூணுல ஒரு பங்கா குறைஞ்சுபோச்சு. மூளை வேலை செய்யுது, கை வேலை செய்யல. ஆயா விஷயத்துல எல்லாரும் இதைத் தலைகீழா புரிஞ்சுக்கிட்டாங்க.

சரி, பேட்டரியை மாத்திடலாம்னா, அது கதவோட உள்பக்கம் இருக்கு. கதவு பூட்டியிருக்கு. இதை டிசைன் பண்ணவரு நிம்மதியா தூங்குவாரான்னு தெரியல. ஆனா அவரே ஒரு வழியும் வெச்சிருக்காரு. சில பெட்டியில வெளிய ரெண்டு உலோகப் புள்ளி இருக்கும், 9 வோல்ட் பேட்டரியை அதுமேல அழுத்திப் பிடிச்சுக்கிட்டே நம்பர் போடணும். எங்களோடதுல கீபேடு பக்கத்துல மூடி போட்டு ஒரு சின்ன ஓட்டை இருந்துது. அதுல ஒயரைச் சொருகி, வெளியிலேர்ந்து நாலு பேட்டரியில கரண்ட் குடுக்க, பெட்டியோட ஒரு கறுப்பு டப்பா வந்திருக்கணும். சித்தப்பாவைக் கேட்டேன், "அப்படி ஒண்ணும் குடுக்கல"ன்னாரு. மாற்றுச் சாவி எங்கன்னு கேட்டேன். உள்ள இருக்காம்.

ஆயா திண்ணையிலேர்ந்தே சொன்னாங்க. "ஒயரு வெச்ச டப்பாவா? பரண் மேல பழைய மிக்ஸி அட்டைப்பெட்டி இருக்கு பாரு. அதுல மஞ்சப்பைக்குள்ள சுத்தி வெச்சிருக்கன்."

இருந்துது. மஞ்சப்பையில, ஆயா சொன்ன இடத்துல.

அல்கலைன் பேட்டரிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் மூணு கடை ஏறி இறங்கினேன். ரெண்டு கடையில குடுத்ததுல "ஹெவி டியூட்டி"ன்னு எழுதியிருந்துது. நம்பாதீங்க. அந்தப் பேர்ல வர்றது பெரும்பாலும் ஜிங்க் குளோரைடு வகைதான். சுவர்க்கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் நல்லா உழைக்கும், சோலினாய்டுக்கு ஆகாது. அட்டையில அல்கலைன்னு தனியா எழுதியிருக்கணும். வாங்கிட்டு வந்து டப்பாவுல போட்டு, ஒயரைச் சொருகி, ஆயாவையே நம்பர் போடச் சொன்னேன். பச்சை. டக். கைப்பிடி திரும்புச்சு. நம்பர் என்னன்னு நான் பாக்கல, ஆயா காட்டவும் இல்ல. முந்தானையால மறைச்சுக்கிட்டுத்தான் போட்டாங்க.

உள்ள இருந்த பழைய பேட்டரியை எடுத்து மல்டிமீட்டர்ல வெச்சேன். 1.3 காட்டுச்சு. சித்தப்பா உடனே "நல்லாத்தானேப்பா இருக்கு"ன்னாரு. லோடு இல்லாம அளந்தா அப்படித்தான் தெரியும், லோடு போட்டாதான் உண்மை தெரியும்னு சொன்னேன். முழுசா ஒத்துக்கல. நிச்சயதார்த்தத்துல கூட ஒருத்தர்கிட்ட "அம்மா பட்டனைச் சரியா அமுக்கல"ன்னு சொல்லிட்டிருந்தாரு. ஆனா பெட்டி செங்கல்பட்டுக்குப் போகல.

இனி உங்க பெட்டிக்கு. பேட்டரி மாத்தறதுக்குக் கதவைத் திறந்து வெச்சுக்கோங்க, நாலையும் சேத்து மாத்துங்க. ரெண்டு புதுசு ரெண்டு பழசுன்னு கலந்தா பழசு ரெண்டும் புதுசை இழுத்துக் கெடுக்கும், சீக்கிரம் கசியவும் செய்யும். பேட்டரியைக் கழட்டினா நம்பர் அழிஞ்சுடுமோன்னு பயப்படாதீங்க. பெரும்பாலான பூட்டுல நம்பர் ஈஈப்ராம்ல இருக்கும், கரண்ட் இல்லாமலே நிக்கும். ஆனாலும் மாத்தினதும் கதவைச் சாத்திடாதீங்க. திறந்த நிலையிலயே கைப்பிடியைத் திருப்பி நாக்கை வெளிய தள்ளி, நம்பர் போட்டு, உள்ள போகுதான்னு மூணு தடவை பாருங்க. அப்புறம்தான் சாத்தணும். இது ஒரு நிமிஷ வேலை.

பேட்டரி முனையில வெள்ளையா பூத்திருந்தா கையால தொடாதீங்க. அல்கலைன் பேட்டரியிலேர்ந்து கசியறது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். எலுமிச்சம்பழச் சாறுல பஞ்சை நனைச்சுத் துடைச்சுட்டு நல்லா காயவிட்டாப் போதும்.

எங்க வீட்ல வருஷா வருஷம் போகி அன்னைக்கு மாத்தறதுன்னு முடிவாயிருக்கு. லைட்டு மங்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு ஆயா சொல்லிட்டாங்க. தேதி ஞாபகம் வெச்சுக்கவே வேண்டாம், ஊரே ஞாபகப்படுத்தும். கழட்டின பேட்டரியை மட்டும் போகி நெருப்புல போட்டுடாதீங்க, வெடிக்கும். 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கற பொறுப்பு தயாரிக்கிறவங்களோடது. எங்க ஊர்க் கடைங்கள்ல அதுக்குன்னு ஒரு பெட்டி நான் பாத்ததில்ல. ஒரு பிளாஸ்டிக் பாட்டில்ல சேத்து வெச்சிருக்கோம்.

மாற்றுச் சாவி இப்ப சித்தப்பா வீட்ல. கறுப்பு டப்பா மறுபடி மஞ்சப்பைக்குள்ள, அதே பரண் மேல. இடத்தை மாத்தலாமான்னு அம்மா கேட்டதுக்கு, "வேணாம், எனக்குத் தெரியும்"னுட்டாங்க ஆயா.

அந்தப் பழைய பேட்டரி நாலும் என் ஹாஸ்டல் மேஜை மேல இருக்கு. நம்பிக்கை இல்லாதவங்க ஒரு 2.2 ஓம் ரெசிஸ்டர் எடுத்துட்டு வாங்க. மீட்டர்ல 1.3 காட்டும்போது ரெசிஸ்டரைக் குறுக்க வைங்க, 0.8க்குக் கீழ விழும். ராத்திரி பத்து மணிக்கு மேல வராதீங்க, பக்கத்து ரூம்காரன் கேட் எக்ஸாமுக்குப் படிக்கிறான்.