மூடியில் ஒரு துளை

2012 ஆம் ஆண்டின் மின்வெட்டைத் திருப்பூர்க்காரர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். மின்சாரம் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரமே மிகுதி. பனியன் கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டரின் தயவில் ஓடின. என் மைத்துனரும் நான்கு நிட்டிங் மெஷின்கள் கொண்ட தம் கூடத்துக்குப் பழைய ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினார். அதில் பாதிப் பணம் என் மனைவியின் நகைக்கடன். ஆகவே ஞாயிறுதோறும் நானும் போய் அதன் அருகில் நிற்கலானேன்.

அது ஒரு விசித்திரமான நோயாளி. தொடக்கத்தில் சீராக ஓடும். முக்கால் மணி நேரம் கழிந்ததும் மூச்சுத் திணறும். வேகம் குறைந்து நின்றுவிடும். மெஷின் நின்ற இடத்தில் துணியில் குறுக்குக் கோடு விழும். மெக்கானிக் வருவார். முதற்காரியமாக டேங்க் மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். ஃபில்டரை மாற்றுவார், ஏர் லாக் எடுப்பார். எஞ்சின் ஓடும். அவர் வீடு சேர்வதற்குள் மீண்டும் நிற்கும். மூன்று முறை இப்படியே. பம்பைக் கழற்றித்தான் ஆகவேண்டும், செலவு பிடிக்கும் என்றார்.

மெஷின்களில் பஞ்சு துடைக்கும் இளைஞர் ஒருவர், வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், தயங்கியபடி கேட்டார்: "ஆரம்பிச்சு எவ்வளவு நேரத்துல நிக்குது சார்? டேங்க் நிறைய இருக்கறப்பவா, கொறஞ்சப்பறமா?"

தொல்காப்பியத்தின் முதற்பொருள் நிலமும் பொழுதும் என்று இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறேன். எங்கே, எப்போது என்று அந்த எஞ்சினிடம் நான் கேட்டதில்லை.

அடுத்த முறை அது திணறியபோது அவர் எதையும் கழற்றவில்லை. மூடியை மட்டும் சற்றுத் தளர்த்தினார். 'புஸ்' என்று காற்று உள்ளே போயிற்று. எஞ்சின் மெல்ல மூச்சு வாங்கிப் பழைய வேகத்தை எட்டியது. மூடியில் காற்றுக்கென இருந்த சிறு துளையைப் பஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடைத்திருந்தன. டீசல் குறையக் குறைய அவ்விடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி எண்ணெயை வெளியே விடாது. சோதிக்க மூடியைத் திறந்ததுமே நோய் தீர்ந்துவிடும். அதனால்தான் அது யார் கண்ணிலும் படவில்லை.

"போட்டு எஞ்சின் டேங்க் மூடியில ஒரு திருகு இருக்கும் சார். கரையேறினா மூடுவோம். போறப்பத் திறக்க மறந்தா இதே கதைதான். குழாய் நடுவுல இருக்கற ரப்பர் பம்ப் சப்பிப் போயிருந்தா உடனே மூடியப் பாக்கணும். கடல்ல மெக்கானிக் ஏது?"

இவ்வளவு தெரிந்தவர் இங்கே ஏன் பஞ்சு துடைக்கவேண்டும்? யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"இங்க எஞ்சின் நின்னா எல்லாம் நின்னுடும். அங்க எஞ்சின் நின்னாலும் படகு நிக்காது சார்."

அவருடைய அண்ணனின் ஃபைபர் படகு ஓர் இரவு அப்படித்தான் பாக் நீரிணையின் நீரோட்டத்தில் போயிற்று. 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக்கோடு இருட்டில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆட்கள் சில மாதங்கள் கழித்துத் திரும்பினார்கள். படகும் எஞ்சினும் திரும்பவில்லை.

"அன்னிக்கு என்ன கோளாறு?"

"தெரியல சார். பிளக், ஃபில்டர் எல்லாம் தொட்டுப் பாத்தாங்களாம். மூடியப் பாத்தமான்னு அண்ணனுக்கு நெனப்பில்ல."